மேசை ஒன்று, லைன் இரண்டு

அஸ்தம்பட்டியில் பெட்ரோல் போட்டு
இருபது வளைவும் ஏறி
நாகலூர் ரோட்டில் வழி கேட்டுப் போய்ச் சேரும்போது
மணி பதினொன்று. பனி கலையவில்லை.
பையில் அடாப்டர், க்ரிம்பிங் கட்டர்,
இரண்டு முழம் தட்டை வயர்.

செம்புக் கம்பி இந்த மாசத்தோடு சரி.
இனி ஃபைபர்தான்.
"நம்பர் மாறாதில்ல?"
முந்தின நாள் நாலு தடவை கேட்டிருந்தார்கள்,
இரண்டு பேரும், தனித்தனியாக.

போன் சாம்பல் நிறம். ஒரே ரிசீவர், இரண்டு நம்பர்.
ஒன்றாம் லைன் எமல்டாவுக்கு, காட்டேஜ் புக்கிங்.
இரண்டாம் லைன் ஜூலியட்டுக்கு, மிளகும் காப்பிக்கொட்டையும்.
அண்ணியும் நாத்தனாரும்.
சில்வர் ஓக்கை ஒவ்வொன்றாய் எண்ணிப் பாகம் பிரித்த பத்திரத்தில்
போனை எழுத மறந்துவிட்டார்கள்.
அதனால் மேசை நடுவில் அது,
இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒன்று.
"அவங்க லைன் அடிக்குதுன்னு சொல்லுங்க"
என்றார் எமல்டா, என்னிடம்.
ஜூலியட் கைக்கெட்டும் தூரத்தில்
பில் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடாப்டருக்கு இரண்டு துளை.
ஒன்று என்று அச்சடித்திருப்பது யாருக்கு
என்பதில் அரை மணி நேரம் போனது.
பழைய வரிசையே இருக்கட்டும் என்று சொல்லி
பிளக்கை ஒன்றில் சொருகினேன்.
முதல் லைனில் டயல் டோன்.
இரண்டாவது பட்டனை அமுக்கினேன்,
கல்லு.
ஜூலியட் பார்த்த பார்வையில்
நான் அண்ணி கட்சி ஆகிவிட்டேன்.

விஷயம் இதுதான்:
தட்டை வயருக்குள் நாலு பேர்.
நடுவில் சிவப்பும் பச்சையும்,
ஓரத்தில் கறுப்பும் மஞ்சளும்.
இந்தத் துளைகளுக்கு நடுவில் நிற்பவரை மட்டும்தான் தெரியும்.
ஓரத்தார் வாசல் வரை வந்து நின்றாலும்
வரவில்லை என்று கணக்கு.
வயரை அறுத்தேன்.
(அறுக்கும்போது இருவரும் நாற்காலியை முன்னால் இழுத்தார்கள்.)
கறுப்பையும் மஞ்சளையும் தனியே உரித்து
வேறொரு வயரில் முறுக்கி
அதன் பிளக்கில் நடுவில் உட்காரவைத்தேன்.
இரண்டாம் துளையில் போட்டதும்
டோன் வந்தது, முதலாவதின் அதே சுருதியில்.

சோதனைக்கு ஒன்றிலிருந்து இரண்டைக் கூப்பிட்டேன்.
போன் தனக்குத் தானே மணியடித்தது.
காதில் ஒரு ட்ரிங்,
கொஞ்சம் பிந்தி மேசையில் ஒரு ட்ரிங்.
"இது எங்க போயிட்டு வருது?"
"சென்னையோ மும்பையோ, சர்வருக்கு."
"ஒரே மேசைக்கா?"
கேட்டது ஜூலியட்.
எமல்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
முதுகு மட்டும் சிரித்தது.

அப்போது கரண்ட் போனது.
அடாப்டரின் பச்சை விளக்கு அணைந்து
இரண்டு லைனும் ஒன்றாய்ச் செத்தன.
பழைய லைன் அப்படியில்லை,
மரம் விழுந்து மலையே இருட்டில் கிடந்தாலும்
எக்ஸ்சேஞ்சிலிருந்து தன் சோற்றைத்
தானே கட்டிக்கொண்டு வரும்.
இதற்கு ஒரு பேட்டரி வைக்கணும், இரண்டாயிரத்து இருநூறு என்றேன்.
"பாதிப் பாதியா பில் போடுங்க."
ஒரே நேரத்தில், இரண்டு குரல்,
இரண்டும் என்னைப் பார்த்து.

இறங்கும்போது ஒன்பதாம் வளைவில்
கட்டைச்சுவர் மேல் குரங்குகள்.
வண்டியை ஓரம் கட்டினேன், போன் அடித்தது.
இரண்டாம் லைன் நம்பர். கரண்ட் வந்துவிட்டது போல.
"அந்த மூணாவது பட்டன் எதுக்கு?"
ரெண்டு லைனையும் சேக்கிறதுக்கும்மா,
எல்லாரும் ஒண்ணா பேசலாம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அடாப்டர் தாமதமா, அவர் தாமதமா தெரியவில்லை.

"அதுமேல டேப் ஒட்டிட்டா
லைனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"
ஆகாது என்று நான் சொல்வதற்குள்
பின்னாலிருந்து, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து:

"ஜூலி, டேப் மேல் டிராயர்ல இருக்கு."