மற்றவை

டுலூத் நகர மண்டபம், இரண்டாம் மாடி, கடைசி ஜன்னல்.
விண்ணப்பத்தில் நாய் இருந்தது, பூனை இருந்தது,
கோழிக்குத் தனியாக ஒரு வரியே இருந்தது.
'மற்றவை' என்ற கட்டத்தில் குறி போட்டேன்.
அந்தக் கட்டம் எனக்குப் பழகியதுதான்.

எத்தனை என்று கேட்டிருந்தார்கள்.
"கோடையிலா, குளிர்காலத்திலா?" என்றேன்.
ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் கண்ணாடியைக் கழற்றினாள்.
கோடையில் ஐம்பதாயிரம் வரும் என்றதும்
"பெட்டி, பெட்டி எத்தனை?" என்றாள்.
ஒன்று என்று எழுதினேன்.

அடுத்து, வரைபடம்.
இரவு ஷிப்ட் முடிந்து வந்து
மருத்துவமனை அட்டையைக் கழுத்திலிருந்து எடுக்காமலே
கொல்லையை டேப் பிடித்து அளந்தேன்.
வேலிக்குப் பதினோரு அடி,
துணிக்கொடிக்கு ஒன்பது,
தண்ணீர்த் தட்டு வைக்கப்போகும் கல்லுக்கு நாலரை.
ஏரியிலிருந்து ஏறி வரும் காற்றுக்கு
வரைபடத்தில் இடமில்லை.
வீடு வாங்கி ஆறு வருஷம்;
பிளம் மரம் என் பக்கம் நிற்கிறது என்பதே
அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசித் தாளில்
வேலி தொடும் மூன்று வீட்டார் கையெழுத்து.

கோஸ்கி படிக்காமலே போட்டார்.
பேனா மூடியைத் திருகியபடி
"எனக்கு எத்தனை பாட்டில்?" என்றார்.
தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பது சரி,
இங்கே பெட்டி வருமுன்னே
புறங்கை நீண்டது.

பின்வீட்டு மாய் யாங் கேட்டது ஒன்றே:
"பூசணிப் பூவுக்கு வருமா?"
வரும் என்றேன்.
மகனின் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாவது, டெரல் ஹால்வர்சன்.
கதவைப் பாதிதான் திறந்தார்.
சட்டைப் பையிலிருந்து மஞ்சள் குழாயை எடுத்துக் காட்டினார்:
ஊசி மருந்து. குளிக்கப் போகும்போதும் கூடவே போகுமாம்.
ஒரே ஒரு கொட்டு, ஒரு முகாமில்,
ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்களாம்.
"நான் நர்ஸ்" என்றேன்.
"அதனால்?" என்றார்.
அதனால் ஒன்றுமில்லைதான்.
அது குளவியாக இருந்திருக்கும் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
தொண்டை அடைத்துப்போனவனுக்குத்
தேனீ என்ன, குளவி என்ன.

இரண்டு கையெழுத்தோடு தாள்
கத்தி கரண்டிகளுக்கு அடியில் மூன்று வாரம் கிடந்தது.

ஒரு ஞாயிறு அவரே வேலியோரம் வந்தார்.
"எந்தப் பக்கமாகப் புறப்படும்?"
வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன்:
வாசல் ஏரியைப் பார்த்து.
வேலியை உயர்த்தினால் அதன் மேலாகப் பறந்துவிடும்.
"மேலே என்றால்?"
கையைத் தூக்கிக் காட்டினேன்.
அந்தப் பக்கத்தில் அவரும் தூக்கினார்.
என்னைவிட ஒரு சாண் உயரம் அவர்.
வேலியை அந்தச் சாணுக்கும் சேர்த்தே போட்டோம்,
பலகைக்கு நான், ஆணிக்கும் உழைப்புக்கும் அவர்.

கையெழுத்துக்குக் கீழே
பொடி எழுத்தில் எழுதியிருந்தார்:
புதன்கிழமைகளில் புல் வெட்டுவேன்,
அவற்றிடம் சொல்லிவிடவும்.

உரிமம் அக்டோபரில் வந்தது.
ஏப்ரலுக்கு முன் ஈ கிடைக்காது.
சோதனைக்கு வந்த நகராட்சிக்காரன்
வெறும் பெட்டியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி,
காது வைத்துக் கேட்டு,
'திருப்தி' என்று எழுதிக்கொண்டு போனான்.

பெட்டி மூடியில் இப்போது முழங்கை ஆழம் பனி.
இன்று புதன்.
டெரல் பனி தள்ளும் எந்திரத்தோடு
வேலியை ஒட்டியே வந்தார்.
பெட்டிக்கு நேராக வந்ததும் அணைத்தார்.
அந்த ஆறடியை மட்டும்
மண்வாரியால், சத்தமில்லாமல்,
குனிந்து குனிந்து வாரினார்.

ஜன்னல் அருகே காபியோடு நின்றிருந்தேன்.
உள்ளே இன்னும் யாரும் குடிவரவில்லை என்று
கதவைத் திறந்து சொல்லியிருக்கலாம்.