ஒரு நெடில், மூன்று குறில்

மைனஸ் இருபத்தாறு.
அத்-பாஷி கால்நடை மருத்துவமனையில்
பேனா மை உறைந்துவிட்டது.
மேசைக்கடியில் அந்தப் பெட்டி மட்டும்
பொத்தானை அழுத்தியதும் கத்துகிறது:
ஒரு நெடில், மூன்று குறில்.
சற்று ஓய்வு.
மறுபடி
ஒரு நெடில், மூன்று குறில்.

திரை கறுப்பு.

"திங்கள்கிழமையிலிருந்து இப்படித்தான்" என்கிறார் ஷைலோபெக்.
"மதியம் அடுப்பு சூடேறினால் சரியாகிவிடும்.
காலையில் திட்டும்."
நாலாயிரத்து இருநூறு ஆடுகளின் காது எண்கள்
உள்ளே மாட்டிக்கொண்டிருக்கின்றன.
ஊசி போட்டது எது, போடாதது எது என்று
ஆடுகளையா கேட்பது?

புருலாய் நாரினிலிருந்து வந்திருக்கிறாள்.
பையில் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு,
கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து.
போனிலேயே சத்தத்தைக் கேட்டு
வீடியோ கோளாறு என்று முடிவுகட்டி
நாற்பத்தைந்து கிலோமீட்டர்
மர்ஷ்ருத்கா வேனில் மடியில் வைத்துக் காத்த கார்டு.

பக்கமூடியைக் கழற்றுகிறாள்.
ஆட்டு ரோமம். தவிட்டுத் தூசி.
விசிறியில் சிக்கிய ஒரு வைக்கோல் துணுக்கு.
சட்டைக் கையால் சிப்பைத் துடைத்தால்
அவள் நினைத்த பெயர் இல்லை அங்கே.
வேறு கம்பெனி.

அந்தக் கம்பெனியின் அகராதியில்
இதே நெடிலும் இதே மூன்று குறிலும்
கண்ணைச் சொல்லவில்லை.
நினைவைச் சொல்கின்றன.

யார் வாய் என்று பாராமல்
சொல்லுக்குப் பொருள் எழுதிவிட்டோமே
என்றெல்லாம் அவள் சொல்லவில்லை.
"கார்டு வேண்டாம்" என்றாள்.
"அழிரப்பர் இருக்கிறதா?"

அவர் இழுப்பறையைத் துழாவுகிறார்.
அந்த இடைவெளியில்
அவளுக்கு வியாழன் இரவு ஞாபகம் வருகிறது.

மக்சாத் எகாத்தரின்புர்க்கில் ஓடு பதிக்கிறான்.
எடுக்காத அழைப்புக்குக் காசில்லை.
ஒரு மணி என்றால், வேலை முடிந்து வந்துவிட்டேன்.
இரண்டென்றால், பணம் அனுப்பியிருக்கிறேன்.
மூன்றென்றால், மேஸ்திரி பக்கத்தில், கூப்பிடாதே.
கிளம்புமுன் அடுப்படியில் நின்று
இருவரும் சேர்ந்து போட்ட அட்டவணை.

வியாழன் இரவு நான்கு.

நான்குக்கு எதுவும் எழுதவில்லை அவர்கள்.
கை தவறியிருக்கும் என்று
இவளே ஒரு பொருள் போட்டுக்கொண்டு
தூங்கியும் விட்டாள்.

பாதி தேய்ந்த ரப்பர் வந்தது, பச்சை நிறம்.
இரண்டு மெமரிகளையும் பிடுங்கி வெளியே வைத்து
வெறும் பெட்டியை இயக்கினாள்.
இப்போது குறிலே இல்லை,
நெடில், நெடில், நெடில்.

"இன்னும் மோசமா?" பதறினார் அவர்.
"கத்தட்டும். கத்தாவிட்டால்தான்
நான் பையைக் கட்டவேண்டும்."
ஷைலோபெக் தலையாட்டினார்.
பிறந்ததும் கத்தாத குட்டியைத்தான்
அவரும் தலைகீழாகப் பிடித்து உலுக்குவார்.

பொன் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்க்கிறாள்.
ரப்பரில் கறுப்பு ஏறுகிறது.
குளிரில் சுருங்கி, வெயிலில் விரிந்து
மயிரிழை நகர்ந்திருந்தது ஒரு முனை.
தொட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்து
தொடாமல் இருந்தது.
கிளிக் என்று இருபுறமும் பூட்டும்வரை
இரண்டு கட்டைவிரலால் அழுத்தினாள்.

பொத்தான்.

ஒரே ஒரு குறில்.
எழுத்துகள் வெள்ளை வெள்ளையாக மேலேறின.
ஷைலோபெக் முதலில் தேடிய ஆட்டின் எண்
ஏழு-பூஜ்யம்-மூன்று. ஏனோ அதைத்தான்.

நானூறு சோம். ரசீது பென்சிலில்.
தேநீர் குடித்துப் போகச் சொன்னார்,
வேன் வந்துவிடும் என்றாள்.
வேன் வரவில்லை.

சாலையோரம் பனியில் நின்று
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
எகாத்தரின்புர்க் எண்ணை அழுத்தினாள்.
ஒன்று.
இரண்டு.
வழக்கமாக வெட்டுகிற இடத்தில் வெட்டவில்லை.
மூன்று. மேஸ்திரி கேட்டால் கேட்கட்டும்.
நான்கு.

பின்னால் ஷைலோபெக் ஓடி வருகிறார்,
அவள் மறந்த காலுறையைத் தூக்கிக் காட்டியபடி.
ஐந்து.
அவரைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டுகிறாள்.
ஆறு.