ஏழாம் எண் இயந்திரம்

செந்தூலில், கோழிக்கடைக்கு மேல்மாடியில்
இரத்தம் சுத்திகரிக்கும் ஒன்பது இயந்திரங்கள்.
ஏழாவதற்கு இன்று ஆளில்லை.
குழாய்களில் வெறும் உப்புநீர் ஓடவிட்டு
அதன் கடிகாரத்தை முன்னே தள்ளினேன்:
2038, ஜனவரி பத்தொன்பது,
தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்,
காலை பதினொன்று பதினான்கு, ஏழு விநாடி.

அதுவரைதான் எண்ணத் தெரியும் அதற்கு.
இருநூற்றுப் பதினான்கு கோடியே
எழுபத்து நான்கு இலட்சத்து
எண்பத்து மூன்றாயிரத்து
அறுநூற்று நாற்பத்தேழு என்று
மூச்சுப் பிடித்துச் சொல்லிவிட்டு
அடுத்த விநாடியை வைக்க இடமில்லாமல்
கழித்தல் குறிக்குள் காலை விட்டது.

திரையில் 1901. டிசம்பர். இன்னும் விடியவில்லை.

சோதனைக்கு வீரப்பெருமாள் அண்ணனின் அட்டையைச் செருகினேன்.
பிறந்த ஆண்டு 1976.
வயது, கழித்தல் எழுபத்தைந்து.
மாஃப், நோயாளி இன்னும் பிறக்கவில்லை,
சிகிச்சையைத் தொடங்க இயலாது.
சிவப்பு விளக்கு. கீச்சுக் குரல்.

ஆறாம் நாற்காலியிலிருந்து அவரே எட்டிப் பார்த்தார்,
கையில் இரண்டு ஊசியோடு.
"பொறக்கலையா? அப்ப இந்த மாசம்
காசு கட்ட வேணாம்தானே லா?"
மிஸ்ஸி சிரித்தாள். நானும்தான்.

ஷா ஆலாமுக்குப் போன் போட்டேன்.
"2038ஆ? அதுக்குள்ள பழைய இரும்புக்குப் போயிடும்"
என்றார் சியூ.
இயந்திரத்தின் முதுகில் ஒரு தாள்:
2019க்குப் பின் பயன்படுத்தக் கூடாது.
அதை மறைத்துத்தான்
தினக்காலண்டர் மாட்டியிருக்கிறார்கள்.

அந்தக் காலண்டருக்கும் அறுபது பெயர்தான் தெரியும்.
1901 பிலவ.
ஊர் பூட்டிக் கிடந்த 2021உம் பிலவ.
எந்தப் பிலவ என்று நாம் குழம்புவதில்லை,
எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறோம்.
இதற்கு முகம் தெரியாது.

பழுதுப் புத்தகத்தில் எழுதினேன்.
'அவசரமா?' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
விரல்விட்டுப் பார்த்தேன்: அது செவ்வாய்க்கிழமை.
செவ்வாய், வியாழன், சனி அண்ணன் முறை.
ஏழரைக்கு ஏறினால் பதினொன்றரைக்கு இறங்குவார்.
பதினொன்று பதினான்குக்கு
ஒரு கோப்பை அளவு அவருடைய இரத்தம்
உடம்புக்கு வெளியே இருக்கும்.
ஆம் என்று எழுதினேன்.

பிறகு கடிகாரத்தை இன்றைக்கே இழுத்து வந்தேன்.
அண்ணன் பிறந்தார்:
வயது ஐம்பது, எடை அறுபத்து மூன்று,
இரண்டரைக் கிலோ நீர் அதிகம்.
நேற்றுத் தர்பூசணி தின்றதை
மிஸ்ஸியிடம் ஒப்புக்கொண்டிருந்தார்,
பாதிதான், பாதிதான் என்று.