ஏழு பத்து

அடிஸ் அபாபாவில் ஓர் இரவை எப்படிக் கழிப்பது என்று
நோட்டின் நடுத்தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாய், லிம்பானி.
விமானத்தைத் தரையிலிருந்து மட்டுமே பார்த்தவன் நீ.
லிம்பே பேருந்து நிலையத்தின் டைம் கீப்பர்.
அத்தனை வண்டிகளும் உன் விசிலுக்குக் கிளம்பும்போது
நான் மட்டும் கிளம்பாமலா.

இரவு 9.40: இறங்கு. முண்டியடிக்காதே.
முண்டியடித்தார்கள். நானும்தான்.
9.55: தண்ணீர் பிடித்துக்கொள்.
10.15: கழிப்பறைக்குப் பக்கத்தில்
ஆனால் வாடை வராத இடமாகப் பார்.
சிதெஞ்சேயைப் போட்டு இடம் பிடி. ஜன்னலோரம் நல்லது.

இருக்கைகளுக்கு நடுவே இரும்புக் கைகள், லிம்பானி.
யாரும் நீட்டிப் படுத்துவிடக் கூடாதென்று
யாரோ ஒருவர் உன்னைப் போலவே
ராத்திரி உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறார்.

தூணோரம் தரையில் விரித்தேன்.
உன் தங்கை கல்யாணத்துக்கு எடுத்த மஞ்சள் பச்சைத் துணி.
ஒரு பக்கம் லாகோஸ் போகும் குடும்பம், ஏழு பெட்டி.
மறுபக்கம் சப்பாத்துகளை நெஞ்சில் வைத்து
பிணம் போல உறங்கும் ஒருவர்.

10.40: மண்டாசி இரண்டு. நான்கையும் தின்றுவிடாதே.
தின்றுவிட்டேன்.
11.00: பையின் வாரைக் கணுக்காலில் கட்டு.
நான் காட்டிக் கொடுத்த முடிச்சு.
11.30: என்னை நினைத்துக்கொள். பத்து நிமிடம்.
பத்தை அடித்து ஐந்து என்று திருத்தியிருக்கிறாய்.
கஞ்சன்.
நம்மூரில் அப்போது பத்தரை, கடைசி வண்டியும் போயிருக்கும்.
நினைத்தேன். கணக்கு வைக்கவில்லை.

விழித்தபோது போன் செத்திருந்தது.
தரை துடைத்துக்கொண்டிருந்தவளிடம் மணி கேட்டேன்.
ஏழு பத்து என்றாள்.

உன் தாளில் கடைசி வரி அது.
7.10: வண்டி கிளம்பும். ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதே.

எழுந்து ஓடினேன்.
பையும் கூடவே ஓடி வந்தது.
ஈரத் தரையில் முகம் குப்புற விழுந்தேன்.
ஆஸ்லோவில் பதினொரு மாதம் மீன் பற்றிப் படிக்கப் போகிறவள்
மீன் போலவே கிடந்தேன்.

அவள் பெயர் அஸ்கலே.
துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே காட்டினாள்.
கும்மிருட்டு.
எங்கள் மணி பொழுது விடிந்த பிறகு ஒன்றிலிருந்து எண்ணுவது, என்றாள்.
இருட்டினால் மறுபடி ஒன்றிலிருந்து.
இது இரவின் ஏழு. உன் தாளுக்கு இது ஒன்று பத்து.

நம் வீட்டுச் சுவரில் பன்னிரண்டு பத்து.
மூன்று மணிகளுக்கு நடுவே உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தேன்.
அவள் குனிந்து கணுக்காலைப் பார்த்தாள்.
யார் போட்ட முடிச்சு இது?
வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது.
மாடு வைத்திருக்கிறாரா?
பேருந்து வைத்திருக்கிறார், என்றேன்.
லாகோஸ் குழந்தை விழித்து அழும் அளவுக்குச் சிரித்தாள்.
அவிழ்க்கப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது.

தாளைத் திரும்ப எடுத்தேன்.
1.00: தூங்கு.
2.00: தூங்கிவிட்டாயா என்று பார்.
3.00:
அவ்வளவுதான். புள்ளிகளுக்குப் பிறகு
கறுப்பு மை ஒரு கோடாக இழுத்துக்கொண்டு
தாளின் ஓரம் வரை போகிறது.

எழுதியபடியே தூங்கிவிட்டாயா,
இல்லை, எழுதப் பிடிக்காமல் எழுந்து போனாயா.
கேட்கப் பதினொரு மாதம் இருக்கிறது.

அஸ்கலே துடைத்துக்கொண்டே வந்தாள்.
என் துணியைச் சுற்றி வளைத்துப் போனாள்.
மண்டபம் முழுக்க ஈரம் மினுங்க
நான் கிடந்த இடம் மட்டும் உலர்ந்திருந்தது.
கால்களை நீட்டினேன். பையைக் கட்டவில்லை.

4.30: முகம் கழுவு.
இது நீல மை.