பாதிப் படகு

பெட்ரோலுக்கென்று வாங்கிய முன்பணம்
முப்பத்தோராயிரம் எஸ்குடோ.
நெலிட்டோ திருப்பித் தந்தது பாதிப் படகு.
எந்தப் பாதி என்று கேட்டேன்.
ஓட்டை இல்லாத பாதி என்றான்.
படகின் பேர் எடெல்வீரா, அவனுடைய முதல் மனைவி.
அழிக்கவில்லை. சாயத்துக்கும் காசு வேண்டும்.

பத்தொன்பது வருடம்
போன்டா தோ சோல் படித்துறையில்
பிறர் பிடித்ததை விற்றவள் நான்.
செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், வயிற்றை அழுத்துவேன்,
நேற்றைய மீன் என்று கூசாமல் சொல்லி
விலையை இறக்குவேன்.
கடலுக்கு முதுகு காட்டி நின்றே செய்யும் வேலை.

வியாழக்கிழமை விடியுமுன்
என் பாதியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.
ஜோய் ஒன்றும் சொல்லவில்லை.
காலி எண்ணெய் டின் ஒன்றை மடியில் வைத்தான்.
"தண்ணீர் இறைக்கவா?"
"இறைக்கவும்."
அந்த 'வும்'முக்குள்
இன்னொரு வேலை ஒளிந்திருந்தது.

துறைவாய் குறுகல்.
அலைகளை எண்ணிக்கொண்டு நிற்கிறோம்.
ஐந்து. ஆறு.
ஏழாவது உடைந்து மூச்சு வாங்கும் இடைவெளியில்
மோட்டார் அலறுகிறது.
அதற்குள் வெளியேறாதவன்
பாறையோடு கணக்கு முடிப்பான்.

பிறகு, அகலம்.
கொடியில் காயப்போட்ட சிவப்புப் போர்வையை வைத்து
என் வீட்டைக் கண்டுபிடித்தேன்.
கொஞ்ச நேரத்தில் வீடு போய்ப் போர்வை மட்டும்.
அப்புறம் அதுவும் இல்லை.

ஜோய் கணியம் பார்க்கிறான்:
விமானமே இறங்காத ஓடுபாதையின் முனை
கல்லறைச் சுவரின் மூலையைத் தொட வேண்டும்,
மலைப்பிளவில் தலைமையாசிரியையின்
வெள்ளை வீடு தெரிய வேண்டும்.
"அவள் மஞ்சள் அடித்துவிட்டால்?"
"பட்டினிதான்."

சிரித்தேன். சிரிப்போடு சேர்ந்து
டின்னின் இரண்டாவது வேலையும் வந்தது.
ராத்திரித் தின்ற கச்சுப்பா, காலைக் காப்பி,
சந்தையில் ஒருத்தரும் அசைக்காத என் மிடுக்கு.
படகின் அடியைப் பார்க்காதே, மலையைப் பார் என்றான்.
பார்த்தேன்.
மலையும் ஆடியது.

கைக்கு, விரல்முனை வெட்டிய பழைய காலுறை.
எண்பது பாகம் நூல், நுனியில் ஈயம்.
இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது,
தரை தட்டியதும் தளர்கிறது,
பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தியதுபோல.
இரண்டு மணி நேரத்தில்
கண் பிதுங்கிய சின்னச் செம்மீன் ஒன்று.
என் பாதிக்கு அதில் பாதி.

திரும்புகையில்தான்
பின்னால் மிதக்கவிட்டிருந்த நூல் விறைத்தது.
காலுறையைத் தாண்டி உள்ளங்கையை அறுத்தது.
விடு, இழு, விடு, என்று கத்துகிறான்.
கத்தாதே பையா,
இது பேரம். இது எனக்குத் தெரியும்.

பலகையில் விழுந்தது தொராது.
பேரிலேயே பொன்னை வைத்திருக்கும் மீன்.
இத்தனை காலம் அந்தப் பேரை
எங்களைப்போல் ஒரு விற்பனைக்காரியின்
வாய்ச்சாலம் என்றே நினைத்திருந்தேன்.
என் கூடைக்கு வந்ததெல்லாம்
அடிபட்ட அலுமினியப் பானையின் நிறம்.

இது பொன்.
பொன்னின் மேல் பச்சை ஓடியது,
பச்சைக்குள் நீலப் புள்ளிகள்
பற்றிப் பற்றி அணைந்தன.
வால் பலகையை அறைய அறைய
மஞ்சள் வெளுத்தது, திரும்பி வந்தது,
எதையோ மறந்துபோனதுபோல் மறுபடியும் வந்தது.
மூன்று நிமிடம் இருக்கலாம்.
பிறகு
எனக்குத் தெரிந்த மீன் அங்கே கிடந்தது.

ஜோய் அடுத்த இரையைக் கோத்துக்கொண்டிருந்தான்.
"எப்போதும் இப்படியா?"
"எப்படி?"

பதினோரு மணிக்குப் படித்துறையில் கூடை.
இஸிதோரா வந்தாள்,
செவுளைத் தூக்கினாள், வயிற்றை அழுத்தினாள்.
நேற்றைய மீன் என்றாள்.
காலுறை காயத்தோடு ஒட்டியிருந்தது,
அதை உரித்துக்கொண்டே
கேட்ட விலையில் ஐம்பது எஸ்குடோ ஏற்றினேன்.
ஏன் என்றாள்.
சொல்லவில்லை.

டின்னைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
சனிக்கிழமை கடல் அடங்கும் என்கிறார்கள்.