நிச்சயமா?

காகசஸ் கணவாய்ச் சாலைக்கு ஓர் இணையதளம்.
திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா,
இரண்டே சேதிதான்.
அதற்கு நான் வைத்த பொத்தான்கள் நாற்பத்தொன்று.

தெலாவியில், வெந்நீர்க் குழாய் முனகும் அறையில்
மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியது.
எழுத்துருவை மாற்றலாம், படத்தைச் சாய்க்கலாம்,
பதிவுக்கு வால்போலக் குறிச்சொல் கட்டலாம்.
சாலைத்துறை அதிகாரி எட்ட நின்று பார்த்து
'விமானம் மாதிரி இருக்கிறது' என்றார்.
பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஓட்டப்போவது ஜும்பேர்.
பனி அள்ளும் வண்டிக்காரர்.
பல்லால் கையுறையைக் கழற்றி
ஒற்றை விரலால் தட்டுபவர்.

அக்டோபர் முதல் வாரம் மேலே பனி விழுந்தது.
தளமோ 'திறந்திருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.
பாலாடைக்கட்டி ஏற்றிவரப் போன வண்டி ஒன்று
பதினேழாம் வளைவுவரை ஏறி
திரும்ப இடமின்றிப் பின்பக்கமாகவே இறங்கி வந்தது,
ஓட்டியவரின் மனைவி முன்னால் நடந்து
கை காட்டக் காட்ட.

கோபத்தோடுதான் அவர் கொட்டகைக்குப் போனேன்.
'எழுதினேனே. நாலு நாளும் எழுதினேன்.'
'எங்கே, காட்டுங்கள்.'

கண்ணாடியைத் தேடி மாட்டினார்.
சாலை மூடல். பனி முழங்கால் அளவு.
ஒரு பிழை இல்லை.
'வெளியிடு' என்பதை அழுத்தினார்.
நான் செய்துவைத்த சின்னப் பெட்டி குதித்து வந்து கேட்டது:
நிச்சயமா?

ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
'இல்லை' என்பதை அழுத்தினார்.

எழுதியதெல்லாம் போயிற்று.

'மத்தியானம் வெயில் வந்தால் இளகிவிடும்.
காற்று திரும்பினால் இடுப்புவரை ஏறும்.
முப்பது வருஷமாக அள்ளுகிறேன்,
பனி விஷயத்தில் நிச்சயம் என்று
எவனிடமும் சொன்னதில்லை.
உன் பெட்டியிடம் மட்டும் பொய் சொல்வதா?'

கொண்டுபோன கோபத்தை எங்கே இறக்குவதென்று தெரியவில்லை.
ரொட்டி நறுக்கி நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு அடுப்போரம் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன்.
குறிச்சொல் போயிற்று.
சாயும் படம் போயிற்று.
ஒன்றில் மட்டும் கை நின்றது:
ஓரத்தில் மெல்ல மங்கி மெல்ல ஒளிரும் ஒரு நீலக்கோடு.
அதற்கு மட்டும் ஒன்பது நாள் ஆகியிருந்தது.
விட்டுவைத்தேன்.

மிஞ்சியவை திறப்பு, மூடல், எழுத ஓர் இடம்.
கேள்வி கேட்ட பெட்டி இருந்த இடத்தில்
'திரும்பப் பெறு'.
அடியில், அவர் சொல்லச் சொல்லச் சேர்த்த வரி,
மணியோடு தானாக வந்து நிற்கும்:
நான் பார்த்தபோது இப்படி இருந்தது.

விடியலில் அழுத்தினார். மூடல்.
திரும்பப் பெற்றார்.
மூடல்.
திரும்பப் பெற்றார்.
உடைகிறதா என்று பார்க்கிறாராம்.
கீழே எவரோ பயணம் கிளம்பி, நின்று,
கிளம்பி, நின்று, சபித்திருக்கக்கூடும்.

கடைசியில் மூடலிலேயே விட்டுவிட்டு
கையுறையை மாட்டிக்கொண்டார்.
வாசலில் திரும்பி,
'அந்த நீலக்கோடு எதற்கு?'

சும்மாதான் என்றேன்.

'இருக்கட்டும்' என்று
வண்டியைக் கிளப்பப் போனார்.