தலையணைக்குத் தனிக் காசு

உள்ளே போக இரண்டு டாலர்.
வெளியே வருவது இலவசம் என்றான் டெல்மர்,
என் கருவிப்பையைக் கிளறியபடி.
ஜாக்கி கூடாது. நெருப்பு கூடாது.
செருப்புக் கால்களை அனுமதிப்பதில்லை.
மற்றபடி ஸ்பானரும் உன்னுடையது, முழங்கையும் உன்னுடையது,
கழன்றால் உனக்கு.

அவன் உட்கார்ந்திருப்பது ஒரு காலத்து வாடகை அறை.
நெப்ராஸ்காவின் இந்தச் சாலைக்கு
தார் வராத நாளில்
கார்க்காரர்கள் ராத்தங்க எழுப்பிய ஆறு மரக்குடில்கள்.
மூன்றுக்குத்தான் கூரை மிச்சம்:
ஒன்றில் கல்லா, ஒன்றில் பழைய பேட்டரிகள்,
ஒன்றில் யாரும் கேட்டு வராத ஹெட்லைட்டுகள்
சுவரைப் பார்த்தபடி.

கதவின் உட்புறம், வண்ணம் உரிந்த இடத்தில்
தூரிகையால் எழுதிய விலைப்பட்டியல்:
அறை ஒரு டாலர்.
மெத்தை கால் டாலர்.
தலையணை ஐந்து சென்ட், ஒருவருக்கு ஒன்றே.
ரேடியேட்டருக்குத் தண்ணீர், கேட்காமலே கிடைக்கும்.

அப்போதும் அப்படித்தான் போல.
தரையும் கூரையும் அவர்களுடையது,
தூக்கத்தை நாம் கொண்டுவர வேண்டும்.

எனக்கு வேண்டியது ஒரு சின்ன மோட்டார்.
என் ப்யூக்கின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி
செவ்வாய்க்கிழமை கதவுக்குள் இறங்கிவிட்டது,
உண்டியலில் போட்ட காசு மாதிரி.
நாலு நாளாய் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு
இறைச்சி ஆலைக்கு ராத்திரி ஷிப்ட் போகிறேன்.
அறுபது மைல் வேகத்தில் அது
காதோரம் கைதட்டிக்கொண்டே வருகிறது.
எதற்கு என்றுதான் தெரியவில்லை.

பதினாலாம் வரிசை.
சக்கரம் போன வண்டிகள்
இரும்பு வளையங்கள்மேல் உயரமாய் நிற்கின்றன,
வெள்ளத்துக்கு பயந்து ஏறி நின்றவைபோல.

பத்து மில்லிமீட்டர் சாக்கெட் இருக்கிறதா
என்று எதிர் வரிசையில் கேட்டேன்.
உலகத்தில் யாரிடமும் அது இருப்பதில்லை.
அப்திகானியிடம் இருந்தது.
சட்டைப் பையிலிருந்து எடுத்து,
ஊதி, துடைத்து, கையில் வைத்துவிட்டு
தன் வண்டிக்கடியில் திரும்பப் படுத்துக்கொண்டான்.
அவன் பூட்ஸ்களைப் பார்த்து நன்றி சொன்னேன்.

என்னுடையதேதான் அது: அதே மாடல், அதே மணல் நிறம்.
பின்ஜன்னல்களில் துண்டுகள், ஊக்கு குத்தி.
பின்சீட் மடக்கி, அட்டைப்பெட்டி விரித்து
ஒரு ஆள் நீளத்துக்குச் சமன் செய்திருந்தது.
கோப்பைக் குழியில் பல்துலக்கி.

கதவைப் பிரித்தேன்.
பனியில் விரல் ஒட்டியது.
மூன்றாவது போல்ட் வர மறுத்தபோது
கெட்ட வார்த்தை சொல்லி, அண்ணாந்தேன்.
வெயில் தடுப்பில் ஒரு அட்டை செருகியிருந்தது.
பென்சில் எழுத்து, பொறுமையான எழுத்து:

தேவாலயம்: ஞாயிறு தவிர.
மளிகைக்கடை பின்புறம்: காவலர் நல்லவர், விளக்கு மோசம்.
நூலகம்: பத்து மணிவரை. வெந்நீர் உண்டு.
ஆற்றோரம் வேண்டாம்.
வேண்டாம் என்பதன் கீழே இரண்டு கோடு.

மோட்டாரையும் அட்டையையும்
கல்லாவில் வைத்தேன்.
டெல்மர் விலைப் புத்தகத்தைப் புரட்டினான்.
மோட்டார் பதினெட்டு.
லொரீன் கோவாண்டா என்று என் பெயரை
ரசீதில் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினான்.
அட்டைக்குப் புத்தகத்தில் விலை இல்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதைப் படித்தான்.
ரசீது எழுதிய அதே பேனாவால்
பத்து என்பதை அடித்து
ஒன்பது என்று எழுதினான்.

குளிர்காலத்தில் ஒன்பது என்றான்,
என்னைப் பார்க்காமல்.
பிறகு அதைக் கதவின் உட்புறம்,
தலையணைக்கு ஐந்து சென்ட்டுக்குக் கீழே
ஆணியில் குத்தினான்.

வெளியே, என் வண்டியில்,
கதவுக்குள் கை நுழைத்து ஒயரை இணைத்தேன்.
கண்ணாடி ஏறியது.
பாதியில் ஒருமுறை நின்று
முனகி
பிறகு ஏறியது.
சாக்கெட் இன்னும் என் பையில்.
திரும்ப உள்ளே போனால்
இன்னும் இரண்டு டாலர் கேட்பானோ என்று
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்,
காற்று வராத பக்கத்தில்.